கடலில் "வீணாக"க் கலக்கிறதாமே தண்ணீர்!

வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்ம ஊரில் ஒரு பல்லவி பாடப்படும். மேட்டூர் நிரம்பி வழியும்போது ஒரு தடவை. ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை கொட்டும்போது இன்னொரு தடவை. "லட்சக்கணக்கான கனஅடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது." டிவியில் சொல்வார்கள். கட்சிக்காரர்கள் அறிக்கை விடுவார்கள். டீக்கடையில் பெரியவர் தலையில் அடித்துக்கொள்வார். வாட்சப்பில் சித்தப்பா ஃபார்வர்டு பண்ணுவார். இதில் கட்சி பேதமே கிடையாது. தமிழ்நாட்டில் எல்லாரும் ஒத்துப்போகிற விஷயம் எதுன்னு கேட்டா, இட்லிக்கு அடுத்தபடியா இதுதான் வரும்.

இந்தப் பதிவு அந்த "வீணாக" என்கிற ஒரே ஒரு வார்த்தைக்கு எதிரானது.

டிஸ்கி: நான் நீரியல் நிபுணர் இல்லீங்க. பி.இ. முடிச்சிட்டு ஓ.எம்.ஆர்.ல பொட்டி தட்டுறவன். ஆனா சொந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். பேச்சில் திருப்பாப்புலியூர். வெள்ளத்தைப் பற்றிப் பேச ஒரு கடலூர்க்காரனுக்கு இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும் சொல்லுங்க :-)

எங்க ஊர் இருக்கிற இடம் அப்படி

மேப்பை எடுத்துப் பாருங்க. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம். வடக்கேயிருந்து தெற்கே வரிசையா அஞ்சு ஆறு, கடலூர் மாவட்டக் கரையோரம் வந்து கடலில் சேருது. தென்பெண்ணை பிறப்பது கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம். வெள்ளாறு சேலம், கல்வராயன் மலைத் தண்ணியைக் கொண்டுவருது. கொள்ளிடம் காவிரியோட வெள்ள வடிகால். அதனால குடகில் பெய்யும் மழைக்கும் கடைசிக் கணக்கு சிதம்பரத்துக்குப் பக்கத்தில்தான் முடியுது.

அதாவது பாதி தென்னிந்தியாவுக்கு நாங்கதான் வாசப்படி. தண்ணி எந்த வீட்டிலேர்ந்து கிளம்பினாலும் எங்களைத் தாண்டித்தான் வெளியே போகணும்.

பலன்? 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையம், விசூரில் ஓடைத் தண்ணி வீட்டோடு மனுஷங்களையும் அடிச்சிட்டுப் போச்சு. 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடம் பெருகி திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடிக்குள் தண்ணி. 2021 நவம்பரில் தென்பெண்ணை. 2024-ல் ஃபெஞ்சல் புயல், மறுபடியும் தென்பெண்ணை.

எங்க ஊர்த் தலபுராணத்தில் ஒரு விஷயம் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் சுவாமிகள் மிதந்து வந்து கரையேறின இடம் கரையேறவிட்டகுப்பம். இன்னிக்கு அங்கே போய் நின்னா கண்ணுக்கெட்டின தூரம் வரை கடல் தெரியாது. கெடிலம் திசை மாறி ஓடின கதையும் அதே தலபுராணத்தில் வருது. ஆறும் கரையும் இடம் மாறும், அதுக்கு இடம் விடணும் என்பது தலபுராணம் எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு. லே-அவுட்டுக்கு அப்ரூவல் குடுக்கிறவங்களுக்குத்தான் தெரியல.

சரி, எங்கே வைக்கப் போறீங்க?

"வீணாகுது, தேக்கி வைங்க" என்கிறவங்களைப் பார்த்து நான் கேட்கிறது ஒரு சின்னக் கணக்குதான். ஏழாம் கிளாஸ் கணக்கு.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி விடிஞ்சு 2-ஆம் தேதி காலைக்குள், சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1,68,000 கனஅடி வரை திறந்துவிட்டாங்க. சொல்லாமல் கொள்ளாமல் நள்ளிரவில் திறந்தாங்கன்னு எதிர்க்கட்சி சொல்லிச்சு. அஞ்சு தடவை எச்சரிக்கை விட்டோம்னு அரசு சொல்லிச்சு. அந்தச் சண்டைக்குள் நான் போகல. கணக்கை மட்டும் பார்ப்போம்.

1,68,000 கனஅடி ஒரு முழு நாள் ஓடினா சுமார் 14.5 டி.எம்.சி. சாத்தனூர் அணையோட மொத்தக் கொள்ளளவே 7.3 டி.எம்.சி.தான். அதாவது காலி சாத்தனூர் அணை ஒண்ணை அந்த வெள்ளத்துக்குக் கீழே வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் ரொம்பிடும். சோழர் காலத்து வீராணம் ஏரி, சென்னைக்கே குடிதண்ணி குடுக்கிற ஏரி, 1.46 டி.எம்.சி. அது ரொம்ப ரெண்டரை மணி நேரம் கூட ஆகாது. தடுப்பணை? 100 மில்லியன் கனஅடி பிடிக்கிற தாராளமான தடுப்பணைன்னே வச்சிக்குவோம். பத்து நிமிஷம்!

பத்து நிமிஷத்துக்கு அப்புறம் என்ன பண்ணுவீங்க? வாயில கொப்பளிச்சி வச்சிப்பீங்களா?

தடுப்பணைன்னதும் தளவானூர் ஞாபகம் வருது. தென்பெண்ணையின் குறுக்கே, விழுப்புரம் பக்கம் தளவானூருக்கும் கடலூர் பக்கம் எனதிரிமங்கலத்துக்கும் நடுவே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவு பண்ணி 2020-ல் கட்டினாங்க. 2021 ஜனவரியில் பக்கவாட்டுச் சுவர் உடைஞ்சுது. அதே வருஷம் நவம்பர் வெள்ளத்தில் மிச்சமும் போச்சு. கட்டுமானத் தரம் பற்றி ஆயிரம் பேசலாம். ஆனா ஒரு பேச்சுக்குத் தரமா கட்டியிருந்தாலும் அந்த வெள்ளத்தில் அது பிடிச்சு வச்சிருக்கக் கூடிய தண்ணி ஒரு வாய்தான். நிலத்தடி நீருக்கு உதவும்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். வெள்ளத்தைத் தடுக்கும்னு சொல்லாதீங்க.

ஆக, பெருவெள்ளம் கடலுக்குப் போயே ஆகணும். அது வீணும் இல்ல, விரயமும் இல்ல. வேற வழியே கிடையாது. அது போற வழியில் யார் உட்கார்ந்திருக்காங்க, எவ்வளவு வேகமா போகுது, போகிற இடத்தில் யாருக்குப் பிரயோஜனம் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் பிச்சாவரம் வருது.

பிச்சாவரம் செத்த கதை

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர், 51 திட்டு, நடுவே ஓடைகள். 'இதயக்கனி' படம் எடுத்த இடம்னா எங்க அப்பா தலைமுறைக்குப் புரியும். போட் விடுவாங்க, செல்ஃபி எடுக்கலாம் என்றால் நம்ம தலைமுறைக்குப் புரியும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இந்தக் காடு ஒரு காலத்தில் சாகக் கிடந்தது என்பதுதான் நிறையப் பேருக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் காலத்தில் கூப்பு போட்டு வெட்டினாங்க. காட்டைப் பாத்தி பாத்தியா பிரிச்சு, முறை வச்சு ஒவ்வொரு பாத்தியையும் மொட்டையா வெட்டுறது. சுதந்திரத்துக்கு அப்புறமும் அது தொடர்ந்துச்சு. வெட்டின இடம் தானா முளைக்கும்னு நம்பினாங்க. முளைக்கல. ஏன் முளைக்கலன்னு கேட்டப்போ கை நீண்டது யாரை நோக்கி? மாடு மேய்க்கிறவங்க, விறகு பொறுக்கிறவங்க. வழக்கம்போல.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து வேற மாதிரி பார்த்தாங்க. வி. செல்வம் என்கிற விஞ்ஞானியும் அவரோட குழுவும். அவங்க கண்டது இது: மரத்தை மொட்டையா வெட்டினதும் சேறு வெயிலில் காய்ஞ்சு சுருங்கி, தரை கீழே இறங்கிடுச்சு. காடு தாம்பாளம் மாதிரி ஆயிடுச்சு. கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணி உள்ளே வரும், வத்தத்தில் வெளியே போகாது. நம்ம கரையில் ஏற்ற வத்த வித்தியாசமே ஒரு மீட்டர் கூட வராது. அப்புறம் எங்கேர்ந்து தாம்பாளத்திலிருந்து வழியும்? தேங்கின தண்ணி வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் சேர்ந்துக்கிட்டே போச்சு. அந்த உப்பில் அலையாத்தி மரம் கூட முளைக்காது.

எங்க வேலையில் சொல்வோமே, சர்வர் விழுந்தா சும்மா ரீஸ்டார்ட் பண்ணாதே, ஏன் விழுந்துச்சுன்னு லாகைப் பாருன்னு. அவங்க பார்த்தது லாகை. கண்டுபிடிச்சது, பிரச்சினை மரத்தில் இல்ல, தண்ணி ஓட்டத்தில்.

அதனால செஞ்ச வைத்தியமும் வேற. ஓடையிலேர்ந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலேர்ந்து ரெண்டு பக்கமும் சின்ன வாய்க்கால்கள், மேலேயிருந்து பார்த்தா மீன் முள் மாதிரி இருக்கும். ஏற்றத்தில் தண்ணி உள்ளே வரும், வத்தத்தில் உப்பைக் கழுவிக்கிட்டு வெளியே போகும். வனத்துறையும் பக்கத்துக் கிராமத்து மக்களும் சேர்ந்து வெட்டினாங்க, கன்றும் நட்டாங்க. செயற்கைக்கோள் படங்களை வச்சு 2003-ல் வெளியான கட்டுரைப்படி, 1986-லேர்ந்து 2002-க்குள் காட்டோட பரப்பு கிட்டத்தட்ட 90 விழுக்காடு கூடியிருந்தது.

தண்ணியைச் சரி பண்ணு, காடு பிழைச்சுக்கும். உலகத்தில் எத்தனையோ பேர் கோடிக்கணக்கில் செலவழிச்சும் கத்துக்காத பாடம் இது. நம்ம கலெக்டர் ஆபீஸிலேர்ந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கு. பாடம் கத்துக்கிட்டோமா? அதான் இல்ல!

நாம கத்துக்கிட்டது: கன்று நடு, போட்டோ எடு

சுனாமிக்கு அப்புறம் உலகம் முழுக்க அலையாத்திக்கு மவுசு வந்துச்சு. அதுக்குக் காரணமே எங்க மாவட்டம்தான். 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை ஒண்ணு, கடலூர் கரையைத்தான் ஆராய்ந்தது. மரங்கள் இருந்த இடத்துக்குப் பின்னால் சேதம் கம்மின்னு சொல்லிச்சு. அதே வருஷம் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து 18 குப்பங்களை ஒப்பிட்டு அதே முடிவைச் சொன்னார். 2006-ல் வெளிநாட்டு ஆய்வாளர்கள் மறுத்தாங்க: அதே தரவை மறுபடி அலசினால், காப்பாத்தினது கடலிலேர்ந்து இருந்த தூரமும் தரையின் உயரமும்தான், மரத்தோட பங்கு நிரூபணமாகலன்னு.

ரெண்டு கட்சியும் மரத்தைச் சுவராத்தான் பார்க்குது. சுவர் தாங்குமா தாங்காதா என்பதுதான் சண்டை. எனக்குத் தோணுறது வேற. அலையாத்திக் காடு இருக்கிற இடத்தில் யாரும் வீடு கட்ட முடியாது. காடு இருந்ததனாலதான் அந்தத் தூரம் இருந்துச்சு. கிள்ளைக்குப் பக்கத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகர் தப்பிச்சதும், மணல் திட்டில் கடலுக்கு நேரா இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் அழிஞ்சதும் இந்த ஒரே பாடத்தைத்தான் சொல்லுது. ஈரநிலம் சுவர் இல்லீங்க. அது இடைவெளி. தண்ணிக்கும் நமக்கும் நடுவே விட்டு வச்ச இடம்.

ஆனா அரசாங்கங்கள் எடுத்துக்கிட்டது "மரம் = சுவர்" என்கிற கணக்கை. சுனாமிக்குப் பின்னாடி கரையோர மணல்மேடுகளில் வரிசையா சவுக்கை நட்டாங்க. மணல்மேடே ஒரு காவல், ஆமை முட்டை போடுற இடம், அதை ஏன் மூடுறீங்கன்னு ஆய்வாளர்கள் கேட்டாங்க. யார் காதில் விழுந்துச்சு?

பக்கத்தில் இலங்கையைப் பாருங்க. சுனாமிக்கு அப்புறம் அங்கே கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ஞ்சு 2017-ல் ஒரு கட்டுரை வந்துச்சு. 9 இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சல. 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் சுமார் 200 ஹெக்டேர்தான் தேறினது. தண்ணி ஓட்டம், தரை மட்டம் பார்க்காம கிடைச்ச இடத்தில் நட்டதன் லட்சணம்.

இப்போ 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவிச்ச 'மிஷ்டி' திட்டம் இருக்கு. மாநில அரசுத் திட்டங்களும் இருக்கு. நோக்கம் நல்லதுதான், சந்தேகமே இல்ல. ஆனா செய்தியைப் படிச்சா முதல் வரியில் என்ன இருக்கும்? இத்தனை லட்சம் கன்று. எத்தனை கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினோம், அஞ்சு வருஷம் கழிச்சு எத்தனை மரம் நிக்குது என்பது எத்தனையாவது வரியில் வரும்? தேடிப் பாருங்க.

வாய்க்கால் மட்டும் போதுமா?

போதாது. இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

மீன் முள் வாய்க்கால் கடல் தண்ணியை உள்ளேயும் வெளியேயும் ஓட வைக்கும். தேங்கின உப்பைக் குறைக்கும். ஆனா அலையாத்திக் காடு கடல் தண்ணியில் மட்டும் வாழ்றது இல்ல. ஆற்று நன்னீரும் கடல் உப்பும் கலக்கிற இடத்தில்தான் அது செழிக்கும். பிச்சாவரத்துக்கு நன்னீர் எங்கேர்ந்து வருது? கொள்ளிடம், வெள்ளாறு, கான்சாகிப் வாய்க்கால், உப்பனாறு. அதாவது "வீணாகக் கடலில் கலக்கிறது"ன்னு நாம தலையில் அடிச்சுக்கிற அதே தண்ணி!

1836-ல் அணைக்கரையில் கீழணை. 1934-ல் மேட்டூர். அப்புறம் கர்நாடகத்தில் வரிசையா அணைகள். ஒவ்வொண்ணுக்கும் நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா கடைமடைக்கும் கடைசியில் இருக்கிற பிச்சாவரத்துக்கு வர நன்னீர் வெகுவா குறைஞ்சு போச்சு. விளைவு? உப்பு அதிகமா தாங்குற வெண்கண்டல்தான் இன்னிக்கு அந்தக் காட்டில் பெரும்பான்மை. நன்னீர் அதிகம் கேட்கிற மரங்கள் ஒதுங்கிப் போச்சு. பல வகை மரம் நின்ன காடு, ஒரே வகை காடா மாறிக்கிட்டு இருக்கு.

சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே தில்லை மரத்தால்தான். அதுவும் அலையாத்திக் காட்டு மரம். இப்போ தில்லையில் தில்லை இல்ல, பார்க்கணும்னா பிச்சாவரம் போகணும். எங்க ஊருக்குப் பாதிரி மரத்தால் பேர், அவங்க ஊருக்குத் தில்லை மரத்தால் பேர். ரெண்டு ஊருமே புலியூர் வேற. புலி போச்சு, மரம் போச்சு, பேர் மட்டும் மிச்சம்.

சரி, காடு எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு சொல்றவங்களுக்கு: இறால் குஞ்சு வளர்றது இந்தக் கழிமுகத்தில்தான். வளர்ந்துதான் கடலுக்குத் திரும்பும். முடசல்ஓடையிலும் அன்னங்கோயிலிலும் கரையேறும் இறாலுக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணி இருக்கு. கரைக்கு மணல் கொண்டுவர்றது ஆறு. நிலத்தடியில் உப்பு ஏறாம எதிர்த்து நிக்கிறது நன்னீர். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடைக்காம வச்சிருக்கிறதும் ஆற்றின் ஓட்டம்தான். வருஷம் முழுக்க ஓட்டத்தை நிறுத்துறோம், கடல் மணலைக் கொண்டுவந்து வாயை மூடுது, அப்புறம் வெள்ளம் வரும்போது பொக்லைன் வச்சு முகத்துவாரத்தை வெட்டுறோம். ஆகஸ்ட்டில் "ஏன் கடலுக்குப் போகுது"ன்னு அழுகை. டிசம்பரில் "ஏன் கடலுக்குப் போக மாட்டேங்குது"ன்னு அழுகை. ரெண்டும் ஒரே ஆள்!

இதைச் சட்டம் எப்படிப் பார்க்குதுன்னு பாருங்க. 2007 காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. அதில் சுற்றுச்சூழலுக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குத் தப்பிப் போவதற்கு 4. கவனிச்சீங்களா, "தப்பிப் போவது". ஏதோ ஜெயிலிலேர்ந்து கைதி தப்பிச்ச மாதிரி. 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாத்தினப்பவும் இந்த 10-ம் 4-ம் அப்படியே இருந்துச்சு. நூற்றுக்கு ரெண்டு கூட இல்ல. அந்த ரெண்டும் பிச்சாவரத்துக்கு, வேண்டிய மாசத்தில், ஓட்டமா வந்து சேருதான்னு கேட்கிற ஒரு அரசியல்வாதியை எனக்குக் காட்டுங்க. காவிரிக்காக எத்தனை பந்த் நடந்திருக்கு! இந்த 10 டி.எம்.சி.க்காக ஒரு உண்ணாவிரதம்? அரை நாள்?

"நீ விவசாயிக்கு எதிரி!"

வரும், இந்தக் கேள்வி வரும்னு தெரியும். பதில் சொல்லிடறேன்.

காட்டுமன்னார்கோவில் கடைமடை விவசாயிக்குத் தண்ணி வேணும். கட்டாயம் வேணும். ஏரியைத் தூர் வாருங்க. வீராணம், பெருமாள் ஏரி, வெலிங்டன் ஏரி எல்லாத்திலும் சேறு ஏறிக் கிடக்கு. அதை எடுத்தா கொள்ளளவு கூடும். வெள்ளத் தண்ணியைக் குளம் குட்டைக்குத் திருப்புங்க. நம்ம முன்னோர் செஞ்சது அதுதான்: ஆற்றுக்குக் குறுக்கே நிக்காம, பக்கவாட்டில் வாங்கி ஏரியில் வச்சுக்கிட்டாங்க. அதை நான் எதிர்க்கல. "ஒரு சொட்டு கூடக் கடலுக்குப் போகக் கூடாது" என்கிற வெறியைத்தான் எதிர்க்கிறேன். அந்த வெறி ஜெயிச்சா முதலில் உப்புத் தண்ணி ஏறப் போறது அந்தக் கடைமடை விவசாயியோட போர்வெல்லில்தான்.

"அப்போ கரையை உசத்திக் கட்டுங்க" என்பது அடுத்த வாதம். கரை கட்டுறதில் நெதர்லாந்துக்காரனை மிஞ்ச ஆள் உண்டா? பாதி நாடே அப்படித்தான் நிக்குது. 1993-லும் 1995-லும் ஆறு பெருகி, 1995-ல் சுமார் இரண்டரை லட்சம் பேரை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டி வந்துச்சு. அதுக்கப்புறம் அவன் என்ன பண்ணினான்? கரையை இன்னும் உசத்தல. 'ஆற்றுக்கு இடம்'னு ஒரு திட்டம் போட்டு, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றை அகலப்படுத்தினான். நைமேகன் நகரத்தில் கரையை 350 மீட்டர் ஊருக்குள் தள்ளி வச்சான். குறுக்கே இருந்த வீடுகளுக்கு நஷ்டஈடு குடுத்து எடுத்தான்.

நாம? 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ன வயலில் பொக்லைன் இறங்கிச்சே, ஞாபகம் இருக்கா? பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டத்தான் அது. சுரங்கத்துக்கு இடம் வேணும்னா ஆற்றையே நகர்த்தலாம். ஆற்றுக்கு இடம் வேணும்னா ஒரு காம்பவுண்டு சுவரைக் கூட நகர்த்த முடியாது.

நான் வேலை பார்க்கிற ஓ.எம்.ஆர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுத்தி எழும்பின சாலை. மழை வந்தா அங்கே கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே போட் விடுறாங்க. சென்னை பண்ணினதை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணக் கடலூர் ஆசைப்படுது. எதைக் காப்பி அடிக்கிறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?

என்னதான் செய்யணும்கிறே?

திட்டிட்டே போனா எப்படி? ஒரு சாமானியனோட பட்டியல்:

1. காவிரித் தீர்ப்பில் எழுதியிருக்கும் சுற்றுச்சூழல் பங்கு பிச்சாவரத்துக்கு எப்போ, எந்த வாய்க்கால் வழியா, எவ்வளவு வருதுன்னு மாசா மாசம் வெளியிடணும். மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருதே, அது மாதிரி.

2. கான்சாகிப் வாய்க்காலும் உப்பனாறும் வெறும் வடிகால்னு பார்க்கிறதை விடணும். அதுதான் பிச்சாவரத்துக்கு ரத்தக்குழாய். தூர் வாரும்போது வெள்ளம் வடிய மட்டும் இல்ல, கோடையிலும் கொஞ்சம் நன்னீர் போகிற மாதிரி வடிவமைக்கணும்.

3. நீர்வளத்துறையும் வனத்துறையும் ஒரே மேஜையில் உட்காரணும். இப்போ வெள்ளம் ஒரு ஃபைல், அலையாத்தி இன்னொரு ஃபைல். தண்ணிக்கு அந்த ஃபைல் நம்பர் தெரியாது.

4. கன்று எண்ணிக்கையை விளம்பரம் பண்றதை நிறுத்தி, மூணாவது வருஷம், அஞ்சாவது வருஷம் பிழைச்ச கணக்கை வெளியிடணும்.

5. வெள்ளச் சமவெளிக்குச் சட்டம் வேணும். 1975-லேயே மத்திய அரசு மாதிரி மசோதா அனுப்பிச்சு. மணிப்பூர், ராஜஸ்தான் மாதிரி விரல் விட்டு எண்ணக் கூடிய மாநிலங்கள்தான் சட்டம் போட்டன. அஞ்சு ஆறு வந்து விழும் மாவட்டத்தை வச்சிருக்கும் தமிழ்நாடு அந்த வரிசையில் இல்ல.

அஞ்சாவதுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. "ஆக்கிரமிப்பு அகற்றம்"னு சொன்னதும் முதல்ல பொக்லைன் போய் நிக்கிறது ஆற்றோரக் குடிசையில்தான். இருளர் குடியிருப்பு, மீனவர் குப்பம், காலனி. அவங்க அங்கே ஆசைப்பட்டுப் போய் உட்காரல, வேற இடம் யாரும் குடுக்கல. ஆற்றுக்கு இடம் விடணும்னா பெரிய லே-அவுட்டிலும் அரசாங்கக் கட்டடத்திலும் ஆரம்பிங்க. குடிசைக்காரருக்கு முதலில் நல்ல இடத்தில் வீடு, அப்புறம்தான் பேச்சு. இல்லாட்டி இதுக்குப் பேர் வெள்ள மேலாண்மை இல்ல.

தென்பெண்ணைக் கரையில், கடலூருக்கு வடக்கே நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடான்னு ஊர்கள். மேடு, உப்பு, தாழை. பேரைக் கேட்டாலே தெரியுது, முன்னாடி இருந்தவங்க மேட்டில் வீடு கட்டி, பள்ளத்தைத் தண்ணிக்கு விட்டிருக்காங்க. குண்டு உப்பலவாடிக்குள் 2021-ல் தண்ணி வந்துச்சு, 2024-ல் மறுபடியும் வந்துச்சு. இதுக்கு நடுவே மூணு வருஷம். அந்த மூணு வருஷத்தில் ஆற்றுக்கு எத்தனை அடி இடம் கூட விட்டோம்? நிவாரணத் தொகை எவ்வளவுன்னு எல்லாரும் கேட்டாங்க. இதை யாரும் கேட்கல.

அடுத்த தடவை யாராவது "வீணாகக் கடலில் கலக்கிறது"ன்னு ஆரம்பிச்சா, கோபப்படாதீங்க. "ஒரு நாளைக்கு 14 டி.எம்.சி., எங்கே வைக்கலாம் சார்?"னு மட்டும் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் டீ ஆறாம பார்த்துக்குங்க.

பி.கு: கணக்கில் சந்தேகம் இருக்கிறவங்க கால்குலேட்டர் தட்டிப் பாருங்க. நொடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினா 1 டி.எம்.சி. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா, வெள்ளச் செய்தி படிக்கும்போது எந்த அறிக்கைக்கும் ஏமாற மாட்டீங்க. திட்டுறவங்க திட்டலாம், ஆனா எண்ணோடு வந்து திட்டுங்க ;-)